நாடுகள் முறைத்துக்கொண்டால் என் கணவர் வேலை போய்விடுமா?

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடலோரத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் நாட்டையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய கணவர் வளைகுடா நாடு ஒன்றில் மீன்பிடி லாஞ்சில் வேலை பார்க்கிறார். மாதச் சம்பளம் கிடையாது, பிடிக்கும் மீனில் பங்கு. நான்கு மாதமாகப் பங்குப் பணம் வரவில்லை. பாஸ்போர்ட் முதலாளியான அரபியின் கையில் இருக்கிறது. இந்தியத் தூதரகத்துக்குப் புகார் அனுப்பலாம் என்று பங்குத்தந்தையிடம் கடிதம் வாங்கி வைத்திருந்த நேரத்தில், அந்த நாட்டு அரசு நம் அரசைக் கண்டித்து அறிக்கை விட்டுவிட்டது. டிவியைத் திறந்தால் அதே பேச்சு. "ரெண்டு ராஜ்யமும் சண்டை போடும்போது நம்ம புகாரை யாரு பாப்பா? போட்டா இவரைத்தான் முதல்ல அனுப்பிருவாங்க" என்று பயந்து காகிதத்தை உள்ளே வைத்துவிட்டார்.

அவருடைய தம்பி வேறு கட்சி. அந்த நாட்டு அரசரைத் திட்டி ஒரு வீடியோ எடுத்திருக்கிறார். அக்காளின் கணவருடைய போட்டோ, லாஞ்ச், சம்பளப் பாக்கி எல்லாவற்றையும் சேர்த்து ஃபேஸ்புக்கில் போட்டு, நாகர்கோவிலில் கலெக்டர் அலுவலகம் முன்னால் ஆர்ப்பாட்டமும் நடத்தத் திட்டம். "ஓக்கி புயலுக்கு குழித்துறையில ரயிலை மறிச்சதாலதானே அரசாங்கம் திரும்பிப் பாத்தது?" என்பது அவர் வாதம். "நம்மளைத் திட்டுனவனை நம்ம தலைவர்கள் போய்க் கட்டிப்பிடிக்கிறாங்க, வெக்கமா இல்லையா?" என்றும் கேட்கிறாராம். புகாரைப் போடவா, சண்டை ஆறும்வரை பொறுக்கவா, தம்பியை என்ன செய்வது? இவைதான் சகோதரியின் கேள்விகள்.

அன்புச் சகோதரி,

முதலில் பதில், அப்புறம் காரணம். புகாரை இந்த வாரமே போடுங்கள். தம்பியின் வீடியோ வெளியே வரக் கூடாது.

உங்கள் பயத்துக்கு அடியில் ஓர் எண்ணம் இருக்கிறது. அரசுகள் வெளியே முறைத்துக்கொண்டால் உள்ளேயும் பேச்சு நின்றுவிடும், தூதரகம் கதவைச் சாத்திவிடும் என்பது. நட்பு நாடுகளுக்குள் அப்படி நடப்பது அபூர்வம். சம்பந்தி வீட்டார் பந்தலில் ஒரு வார்த்தை விட்டுவிட்டால், பெரியவர்கள் சபையில் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, பின்கட்டில் உட்கார்ந்து விஷயத்தைத் தீர்ப்பார்கள் அல்லவா? தலைவர்கள் செய்வதும் ஏறக்குறைய அதுதான்.

1965 ஏப்ரல் 2 அன்று கனடா பிரதமர் லெஸ்டர் பியர்சன், அமெரிக்காவுக்கே போய், பிலடெல்பியாவில் ஒரு பல்கலைக்கழக மேடையில், வட வியட்நாம் மீதான குண்டுவீச்சைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாமே என்றார். மறுநாள் கேம்ப் டேவிட்டில் ஜனாதிபதி ஜான்சனோடு மதியச் சாப்பாடு. சாப்பாட்டு மேசையில் ஜான்சன் பெரும்பாலும் டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தாராம். அதன் பிறகு வெளித் திண்ணைக்கு அழைத்துப்போய், குறுக்கும் நெடுக்கும் நடந்து, கையை வீசிக் கத்தி, கடைசியில் பியர்சனின் கோட்டைக் கொத்தாகப் பிடித்துவிட்டார். இரண்டு நாட்டு ஆட்களும் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் பத்திரிகைக்காரர்களிடம் வந்தபோது இரண்டு பேரும் இதை மூச்சு விடவில்லை. அந்த ஜனவரியில்தான் இருவரும் கார் வர்த்தகத்துக்கு ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். கோட்டைப் பிடித்த அதே ஜான்சன், அக்டோபரில் அந்த ஒப்பந்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் சட்டத்தில் கையெழுத்திட்டார். டெட்ராய்ட்டிலும் ஒண்டாரியோவிலும் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவனுக்கு அந்தத் திண்ணைச் சண்டையால் ஒரு நாள் கூலியும் போகவில்லை.

எதிர்மாதிரியும் உண்டு. 1983 அக்டோபரில் அமெரிக்கப் படை கிரெனடா தீவில் இறங்கியது. பிரிட்டிஷ் ராணியைத் தலைவராகக் கொண்ட நாடு அது. வேண்டாம் என்று பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் சொல்லியும் அமெரிக்க ஜனாதிபதி ரீகன் கேட்கவில்லை. அடுத்த நாள் ரீகனே போன் போட்டார். உங்கள் வீட்டு வாசலில் நின்றால் முதலில் என் தொப்பியை உள்ளே எறிந்துவிட்டுத்தான் நுழைவேன் என்கிற மாதிரி பேச்சைத் தொடங்கினார். அந்த ஒலிப்பதிவு 2014-இல் வெளியே வந்தது. தாட்சரின் குரலில் கனிவு கிடையாது, நாடாளுமன்ற விவாதத்துக்குத் திரும்ப வேண்டும் என்று சுருக்கமாக முடிக்கிறார். ஆனாலும் பேச்சு முறியவில்லை. அவ்வளவு பெரிய படையை வைத்திருப்பவர், கோபத்தில் இருக்கும் தோழியிடம் தானே இறங்கி வந்து பேசுகிறார். இதை அன்றைக்கு மக்கள் கண்ணால் பார்த்திருந்தால், உங்கள் தம்பியைப் போலத்தான் அமெரிக்காவிலும் நாலு பேர் வெட்கமில்லையா என்று கேட்டிருப்பார்கள்.

நம் கதைக்கு வருவோம். 2022 ஜூன் 5 அன்று, இங்கே ஓர் அரசியல் கட்சிப் பேச்சாளர் நபிகளைப் பற்றிச் சொன்னதற்காகக் கத்தார், குவைத், ஈரான் மூன்றும் நம் தூதர்களை வரவழைத்துக் கண்டித்தன. இந்தியா பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றே கத்தார் சொன்னது. நம் குடியரசுத் துணைத் தலைவர் வெங்கையா நாயுடு அப்போது தோஹாவில்தான் இருந்தார், எவ்வளவு சங்கடம் என்று யோசித்துப் பாருங்கள். ஆளுங்கட்சி அன்றே அந்தப் பேச்சாளரை இடைநீக்கம் செய்தது. அது ஓரத்து ஆட்களின் கருத்து, அரசின் கருத்து அல்ல என்று தூதரகம் தணிந்த குரலில் சொன்னது. மறுநாள் அதே விஷயத்துக்காக இஸ்லாமிய நாடுகள் கூட்டமைப்பு கண்டித்தபோது, குறுகிய புத்தி என்று வெளியுறவு அமைச்சகம் வெளுத்து வாங்கியது. ஒரே கண்டனம், இரண்டு விதமான பதில். யாரோடு நமக்கு என்ன வேலை இருக்கிறது என்று பார்த்துத்தான் குரல் ஏறுகிறது, இறங்குகிறது. வளைகுடாவில் இருக்கும் ஏறத்தாழ 90 லட்சம் இந்தியர்கள் அந்தக் கணக்கில் பெரிய பங்கு. உங்கள் கணவரும் அதில் ஒருவர். அவரைப் போன்றவர்கள் அங்கே இருப்பதால்தான் நம் அரசு குரலைத் தணிக்கிறது. நீங்கள் நினைப்பதற்கு நேர் எதிர்.

கட்டிப்பிடிப்பதைப் பற்றித் தம்பி கேட்டதற்கும் கத்தாரே பதில். நம் முன்னாள் கடற்படையினர் எட்டுப் பேருக்கு அங்கே 2023 அக்டோபர் 26 அன்று மரண தண்டனை விதித்தார்கள். இங்கே கொதிப்பு. அரசு அதிர்ச்சி என்று ஒரு வார்த்தை சொன்னது, கத்தாரைத் திட்டவில்லை. டிசம்பர் 1 அன்று துபாயில் பிரதமரும் கத்தார் அமீரும் சந்தித்தார்கள். இருநாட்டு உறவு, கத்தாரிலுள்ள இந்தியர்களின் நலன் பற்றிப் பேசினோம் என்று மட்டும் பிரதமர் வெளியே சொன்னார். டிசம்பர் 28 அன்று மரண தண்டனை நீங்கியது. 2024 பிப்ரவரியில் எட்டுப் பேரும் விடுதலை. அன்றைக்குச் சிரித்துக் கை குலுக்காமல், கேமரா முன்னால் நாலு கேள்வி கேட்டிருந்தால் தம்பிக்குத் திருப்தியாக இருந்திருக்கும். அந்த எட்டுக் குடும்பத்துக்கு?

உங்கள் பயம் முழுக்க வீண் அல்ல

சரி, இதுவரை நல்ல கதைகளாகவே சொன்னேன். மறுபக்கமும் சொல்லியாக வேண்டும். 1990-இல் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது, ஐ.நா. பாதுகாப்புச் சபையில் ஏமன் எடுத்த நிலை சவுதிக்குப் பிடிக்கவில்லை. ஏமன்காரர்களுக்கு இருந்த தனிச் சலுகையைச் சவுதி எடுத்துவிட, லட்சக்கணக்கான தொழிலாளர்கள் சில மாதங்களில் மூட்டை முடிச்சோடு ஊர் திரும்பினார்கள். 2023 செப்டம்பரில் கனடாவோடு தகராறு முற்றியபோது, கனடாக்காரர்களுக்கு விசா கொடுப்பதை நிறுத்தியது நாமேதான். ஆக, மேலே நடக்கும் சண்டை கீழே இருப்பவன் தலையில் விடியவே விடியாது என்று நான் எழுதித் தர முடியாது.

ஆனால் அந்த இரண்டுமே கண்டன அறிக்கைக் கட்டத்தைத் தாண்டி வெகுதூரம் போன விவகாரங்கள். ஒன்று போர், மற்றது கனடா மண்ணில் நடந்த ஒரு கொலையில் இந்தியாவுக்குத் தொடர்பு என்று கனடா வைத்த குற்றச்சாட்டு. இதற்கு ஒரு படிவரிசை உண்டு. முதலில் பேச்சாளர் அறிக்கை, அடுத்து தூதரை வரவழைத்துக் கண்டனம், அதற்கும் மேலே தூதரைத் திரும்ப அழைத்தல், அப்புறம் அதிகாரிகளை வெளியேற்றுதல். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இப்போது நிற்பது முதல் படியில். டிவிச் சத்தத்தை வைத்துப் படியை அளக்காதீர்கள்.

உங்கள் கணவருக்கு உண்மையான ஆபத்து அரசரிடமிருந்து வரப்போவதில்லை, அரபியிடமிருந்துதான் வரும். "உங்க நாட்டோட எங்களுக்கு ஆகல, புகார் கொடுத்தா ஜெயில்தான்" என்று இந்தச் சமயத்தைப் பார்த்து அவர் மிரட்டலாம். பணம் கொடுக்க மனமில்லாதவருக்குச் சாக்கு கிடைத்தது, அவ்வளவுதான். கணவர் பயந்தோ கோபப்பட்டோ சொல்லாமல் லாஞ்சை விட்டுப் போய்விட்டால், ஓடிப்போய்விட்டான் என்று அரபி ஒரு புகார் கொடுப்பார். அதோடு அவர் சட்டவிரோதமாகத் தங்கியவர் ஆகிவிடுவார், நான்கு மாதப் பாக்கியைக் கேட்கும் பலமும் போய்விடும். புகார் பதிவாகும்வரை வேலையிடத்தை விட்டு நகர வேண்டாம் என்று இன்றைக்கே போனில் சொல்லுங்கள்.

தம்பியின் வீடியோ

தம்பிக்கு 2022-இல் குவைத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். அந்த ஜூன் 10, வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து, ஃபஹாஹீல் பகுதியில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சிலர் கூடிக் கோஷம் போட்டார்கள். எதற்கு? குவைத் அரசு எதைக் கண்டித்ததோ அதே பேச்சைக் கண்டித்துத்தான். அந்த அரசின் பக்கம் நின்று குரல் கொடுத்தவர்களையே, வெளிநாட்டவர் இங்கே ஆர்ப்பாட்டம் செய்யக் கூடாது என்று பிடித்து நாடுகடத்த உத்தரவு போனதாகச் செய்தி வந்தது. ஆதரித்துப் பேசியவர்களுக்கே அந்தக் கதி என்றால், அரசரைத் திட்டும் வீடியோவில் முகம் வந்தவருக்கு?

வளைகுடா நாடுகளில் ஆட்சியாளரை அவமதிப்பது குற்றம், இணையத்தில் செய்தாலும் குற்றம். வீடியோ எடுத்த தம்பி இங்கே பத்திரமாக இருப்பார். போட்டோவில் இருக்கும் மச்சான் அங்கே இருக்கிறார். அவரே பகிர்ந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, போனில் வந்து கிடந்தாலே விளக்கம் சொல்லும் நிலை வரலாம். வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே அனுப்பியிருந்தால், இரண்டு பக்கமும் அழிக்கச் சொல்லுங்கள்.

ஓக்கியைப் பற்றி அவர் சொல்வது தவறல்ல. 2017 டிசம்பர் 7 அன்று குழித்துறையில் ஆயிரக்கணக்கானவர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்திராவிட்டால், காணாமல்போனவர்களைத் தேடும் வேலை அந்த வேகம் பிடித்திருக்காது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அங்கே கேட்டது நம் ஓட்டை வாங்கிய அரசிடம். பதில் சொல்ல வேண்டிய கடமை அதற்கு உண்டு. அந்நிய அரசுக்கு உங்கள் தம்பியிடம் ஒரு கடமையும் கிடையாது. அவருக்குச் சூடு அடங்கவில்லை என்றால், வளைகுடாவிலிருக்கும் குமரி மீனவர்களின் கூலிப் பாக்கியை மீட்டுத் தர மாநில அரசும் மத்திய அரசும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கோரிக்கை வைத்து, போலீஸ் அனுமதி வாங்கி, கலெக்டர் அலுவலகம் முன்னால் தாராளமாக உட்காரட்டும். மச்சானின் பெயரும் படமும் அந்த நாட்டு அரசரின் பெயரும் அதில் வரக் கூடாது.

அரசு சத்தம் போட வேண்டிய நேரமும் உண்டு. நம் மாவட்டமே அதற்குச் சாட்சி. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடலில் இத்தாலியக் கப்பலிலிருந்து சுட்டதில் இறந்த இரண்டு மீனவர்களில் ஒருவர் நம் இரையுமன்துறைப் பையன். அந்த வழக்கில் கைதாகி, ஓட்டுப் போட என்று நீதிமன்ற அனுமதியோடு ஊருக்குப் போன இரண்டு இத்தாலிய வீரர்களும் திரும்ப வர மாட்டார்கள் என்று 2013 மார்ச் 11 அன்று இத்தாலி அறிவித்தது. வாக்குத் தவறினால் விளைவுகள் இருக்கும் என்று மன்மோகன் சிங் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். இத்தாலியத் தூதர் நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இதெல்லாம் வெளியே. உள்ளே, இந்த வழக்கில் மரண தண்டனை வராது என்கிற உறுதியை நம் அரசு கொடுத்தது. மார்ச் 22 அன்று இருவரும் திரும்பினார்கள், கொஞ்ச நாளில் இத்தாலிய வெளியுறவு அமைச்சர் பதவியையே விட்டார். வெளியே விறைப்பாக நின்றபடியே, எதிராளி இறங்கி வர உள்ளே ஒரு வழியும் வைத்திருந்தார்கள். வழக்கு 2021-இல் 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு முடிந்தது. அது நீதியா என்று கேட்டால் எனக்கும் ஒப்புதல் இல்லை, அது வேறு பேச்சு.

புகார் எங்கே, எப்படி

பிரதமருக்கு எழுதினால் அவர் அரசரிடம் நேரே பேசிவிடுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். தலைவர்கள் சந்திப்பில் கிடைப்பது கொஞ்ச நேரம். அதில் என்ன பேசுவது என்று அதிகாரிகள் முன்கூட்டியே குறிப்பு எழுதிக் கொடுப்பார்கள். பதிவாகிக் கிடக்கும் புகார்களைப் பார்த்துத்தான், தொழிலாளர் கூலிப் பாக்கி என்று ஒரு வரி அதில் ஏறும். பதிவாகாத புகார் யார் கண்ணிலும் படாது. சண்டை ஆறட்டும் என்று பொறுத்தால் இழப்பது உங்கள் குடும்பம்தான், தொழிலாளர் புகாருக்குப் பல நாடுகளில் காலக்கெடுவும் உண்டு.

வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் மனைவி என்ற முறையில் நீங்களே பதியலாம், பதிவெண் கிடைக்கும். அதே விவரத்தைத் தூதரகத்தின் தொழிலாளர் பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாளில் கலெக்டரிடம் ஒரு மனு, சென்னையிலுள்ள அயலகத் தமிழர் நல ஆணையரகத்துக்கு ஒரு பிரதி. தொகுதி எம்.பி.யின் கடிதம் சேர்ந்தால் நல்லது. பங்குத்தந்தையின் கடிதத்தையும் இணையுங்கள்.

மனுவில் அரசியல் ஒரு வரிகூட வேண்டாம். பாஸ்போர்ட் எண், விசா எண், அரபியின் பெயரும் போன் எண்ணும், துறைமுகத்தின் பெயர், வேலையில் சேர்ந்த தேதி, எந்த மாதத்திலிருந்து எவ்வளவு பாக்கி, இவை போதும். லாஞ்சின் பக்கவாட்டில் பெயின்ட்டில் எழுதியிருக்கும் பதிவு எண்ணைக் கணவரை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பங்குக் கூலிக்காரர்களிடம் சம்பளச் சீட்டு இருக்காது என்பதால், எந்த லாஞ்ச் என்று நிரூபிப்பதே பாதி வேலை. மீன் விற்ற கணக்கை யாராவது நோட்டில் எழுதி வைத்திருந்தால் அந்தப் பக்கமும் வேண்டும். முன்பு பணம் வந்த வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்ட் உங்களிடமே இருக்கும்.

அனுப்பிய ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று வெளியுறவு அமைச்சகத்தின் 'இமைக்ரேட்' தளத்தில் பாருங்கள். பதிவில்லாதவர் என்றால் அவர்மேல் இங்கேயே போலீஸ் புகார் கொடுக்கலாம், அந்தப் பயத்தில் அவரே அரபியிடம் பேசுவதும் உண்டு.

தூதரகம் அரபியிடமிருந்து பணத்தை வாங்கிக் கையில் கொடுத்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். இன்னொரு நாட்டில் உத்தரவு போடும் அதிகாரம் அதற்குக் கிடையாது. அரபியை அழைத்துப் பேசும், அந்த நாட்டுத் தொழிலாளர் துறையில் புகார் பதிய உதவும், மிகவும் கஷ்டமான நிலையில் இந்திய சமூக நல நிதியிலிருந்து டிக்கெட்டும் சட்ட உதவியும் கொடுக்க முடியும். பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்துவைப்பது வளைகுடாவின் பெரும்பாலான நாடுகளில் சட்டப்படியே தவறு, மனுவில் அதைத் தனியாக எழுதுங்கள். ஒருவேளை கணவரைப் போலீஸ் பிடித்தால், தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்கள் என்று கேட்கும் உரிமை சர்வதேச ஒப்பந்தப்படி அவருக்கு உண்டு. தூதரக எண்ணை அவர் போனில் மட்டும் வைத்திருந்தால் போதாது, போனைத்தான் முதலில் வாங்குவார்கள். மனப்பாடமாக இருக்கட்டும்.

புகார் போன பிறகு அரபி சமாதானத்துக்கு வர வாய்ப்பு அதிகம். டிக்கெட் எடுத்துத் தருகிறேன், இதில் கையெழுத்துப் போடு என்று ஓர் அரபிக் காகிதத்தை நீட்டலாம். எல்லாக் கணக்கும் தீர்ந்தது என்று அதில் எழுதியிருந்தால், ஊர் வந்த பிறகு ஒரு திர்ஹமும் கேட்க முடியாது. தூதரகத்தில் யாராவது படித்துச் சொல்லும்வரை அவர் கையெழுத்துப் போட வேண்டாம். காகிதத்தைப் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பினால், உள்ளூரில் அரபி படிக்கத் தெரிந்தவரிடம் காட்டி அன்றைக்கே அவருக்குப் பதில் சொல்லுங்கள்.